மறுகா

குருமண்வெளித் துறையில்
"நில்லுங்க, பாதை வரும்" என்றார் சீட்டுக் கிழிப்பவர்.
இல்ஸே என்னைப் பார்த்தாள்.
பாதையில் நாம்தானே போக வேண்டும்,
அது எப்படி வரும்?

இரும்புத் தட்டில்
எட்டு மோட்டார் சைக்கிளும் ஓர் ஆடும் ஏற்றிக்கொண்டு
மண்டூர்ப் பக்கமிருந்து பாதை வந்தது.
"இங்கே பாதை மிதக்கும்"
என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.
நல்ல வரிதான்.
எங்கள் வாரப் பத்திரிகையில் அதற்கு இடமில்லை.

லத்வியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்த
ஊடகத் தொண்டர்.
வேலை செய்வதற்கு அவளே காசு கட்டியிருக்கிறாள்.
சாப்பாடு, தங்குமிடம், உள்ளூர்ப் பண்பாடு
எல்லாம் கட்டணத்தில் அடக்கம்.
எனக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
ஒரே மேசையில் இருந்து
இரண்டு பேரும் இலவசமாகப் பிழை திருத்தினோம்.
என் பங்குக்கு நான் கொடுத்த பண்பாடு:
கல்முனை பஸ்ஸில் நின்றபடி தூங்குவது,
இல்லை என்பதைச் சொல்லாமல் சொல்வது.

படுவான்கரையில் யோகமலரின் வீடு.
யானை இடித்த சுவர் வழியே
அடுப்பு தெரிந்தது.
அவள் சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன்.
விதைநெல் மூன்று மூட்டை.
உப்பு வாளி.
பிள்ளையின் பள்ளிச் சப்பாத்தில் ஒன்று.
கிராம சேவகர் வந்தார், எழுதினார், போனார்.
ஒரு மணித்தியாலப் பேச்சை
இருபது நிமிட இங்கிலீசாக்கிக் கொடுத்தேன்.
பழகிய கை. சிந்தாது.

இரவு, களுவாஞ்சிகுடி அறையில்
மின்விசிறியை நிறுத்திவிட்டு
ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள்.
விடிந்ததும் ஒரு தாளை நீட்டினாள்,
ஐந்தைந்தாகக் குறுக்கே வெட்டிய கோடுகள்.
"முப்பத்தொரு தரம் 'மறுகா' என்கிறாள்.
உன் மொழிபெயர்ப்பில் ஒன்றுகூட இல்லை."

அது ஒன்றுமில்லை என்றேன்.
பிறகு என்று அர்த்தம்.
திரும்பவும் என்றும்.
சும்மா, பேச்சு மூச்சு விடுகிற இடம்.
"எது? பிறகா, திரும்பவுமா?"

தேநீரில் ஆடை படிந்தது.
யானை வந்தது, மறுகா.
சுவரை எழுப்பினோம், மறுகா.
எந்த மறுகா முன்னால் போவது
எந்த மறுகா கிறுகி வருவது என்று
நான் அவளிடம் கேட்கவில்லை.
செய்தியில் எதுவும் ஒரு தரம்தான் நடக்கும்,
திகதி, இடம், சேதம்.
பதின்மூன்று வருசமாக
என் சனத்தின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக்
களை என்று பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.
கோபம் வந்தால் நானும் அப்படித்தான் பேசுவேன்.

அடுத்த கிழமையும் பாதை ஏறினோம்.
கேமரா அவள் பையிலேயே கிடந்தது.
"என்னகா, நட்ட ஈட்டுக் காசு வந்திட்டா?"
இல்லை என்பதைச் சொல்லாமல் சொன்னேன்.
யோகமலர் பாயை விரித்தாள்.
சுவர் பாதி எழும்பியிருந்தது,
ஈரச் சேற்றில் கோழி நடந்த தடம்.
பேச்சு சுற்றிச் சுற்றி
நட்ட ஈட்டிலேயே வந்து நின்றது.
நான் பேனையை மூடினேன்.

அப்போது இல்ஸே,
'று'வை நாக்கில் இரண்டு தரம் உருட்டி,
"மறுகா?" என்றாள்.

யோகமலர் வாய்விட்டுச் சிரித்தாள்.
வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு
அவளைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள்,
இந்த வீட்டுக்கு முன் இருந்த வீட்டைப் பற்றி,
அதற்கும் முன் இருந்ததைப் பற்றி.
பத்தில் ஒன்று விளங்கியிருக்கும் இல்ஸேக்கு.
பொழுது எங்கள் பக்கம் சாயும்வரை
யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

முப்பத்தொன்றையும் விட்டுவைத்து
இந்தத் தரம் நானே எழுதினேன்.
ஆசிரியர் முப்பதை வெட்டினார்.
கடைசி வரியில் தப்பிய ஒன்றை
அச்சுக்கோர்க்கும் பொடியன்
'மறுகரை' என்று திருத்திவிட்டான்.

இல்ஸே விமானம் ஏறி இரண்டாம் நாள்
தொலைபேசி அடித்தது.
மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.
"என்னகா, மறுகரை எண்டு போட்டிருக்கு?
நான் இந்தக் கரையிலதானே இருக்கன்."
மன்னிப்புக் கேட்டேன்.
சரி சரி என்றாள்.
கொஞ்ச நேரம் வெறும் காற்று.
"மறுகா?"